கூட்டாதன வீடுகளும் நிருவாக சபையினர் எதிர்நோக்கும் சட்டச் சிக்கல்களும்

நமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் ஒரு சாரார் இன்று வாவியின் இரு கரைகளிலும் இல்லை. உத்தியோகத்தின் பொருட்டும், பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும், 1983ஆம் ஆண்டின் பின் நாடு கண்ட துன்பங்களின் காரணமாகவும் கொழும்பிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் எழுந்த தொடர்மாடி வீடுகளிற் குடியேறியோர் பலர். இன்னும் பலர் கடல் கடந்து ரொறன்ரோ, இலண்டன், சிட்னி ஆகிய நகரங்களில் அத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர். எழுவான்கரையில் ஒரு வளவு, படுவான்கரையில் சில ஏக்கர் வயல் என்றிருந்த குடும்பத்தார், ஆறாம் மாடியில் மூன்று அறைகளுக்கு உறுதி எழுதி வைத்திருக்கும் காலம் இது.

இவ்வீடுகளிலே நிருவாக சபை என்று ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்காளர், வங்கி உத்தியோகத்தர் முதலியோரை ஏனையோர் கூடி அச்சபைக்குத் தெரிவு செய்துவிடுவது வழக்கம். படித்தவர், நேர்மையானவர், பகலில் வீட்டில் இருப்பவர் என்னும் மூன்று தகுதிகளே போதுமானவையாகக் கருதப்படுகின்றன. ஊதியம் எதுவும் இல்லை. நன்றியும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் ஓராண்டு முடிவதற்குள் அம்மனிதரின் முகவரிக்குச் சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வந்து சேர்தல் அரிய நிகழ்ச்சி அன்று. நம் பழைய மாணவர் பலர் இப்பொறுப்பை ஏற்றிருப்பதாலும், இனி ஏற்கவிருப்பதாலும், அப்பதவியின் சட்ட நிலை யாது, அதிற் கால் இடறும் இடங்கள் எவை என்பதை இம்மலரில் ஆராய்தல் பொருத்தமாகும்.

இது நமக்கு முற்றிலும் புதிய பொருள் அன்று. மட்டக்களப்பு வயல் நிலத்தை அறிந்தவர்க்கு இதன் சாரம் ஏலவே தெரியும். ஒரு வட்டையினுள் ஒவ்வொருவருடைய வயலும் தனித்தனி. ஆனால் குளத்திலிருந்து வரும் வாய்க்கால், வட்டையைச் சுற்றிய வேலி, மாடு போகும் பாதை ஆகியன எவருக்கும் தனியே உரியன அல்ல. அவை பழுதானால் தனி வயல் எத்துணை வளமானதாயினும் பயனில்லை. ஆகவே விதைப்புக்கு முன் கமக்காரர் கூடி, வாய்க்கால் வெட்டும் நாளையும் வேலி அடைக்கும் நாளையும் நிச்சயித்து, வட்டவிதானை ஒருவரைத் தெரிந்து, அவருக்கு ஏக்கர்க் கணக்கில் நெல் அளந்தனர். கூட்டத்திற் பெரும்பான்மையோர் ஒப்பிய முடிவு, ஒப்பாதவனையும் கட்டுப்படுத்தியது. இவ்வழக்காறுகளுக்குச் சட்ட வலு அளிக்கவே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1979இலும் 2000இலும் வந்த சட்டங்கள் அவ்வமைப்பை வேறு வடிவங்களில் தொடர்ந்தன. பெயர்கள் மாறினவேயன்றித் தனியுடைமையும் பொதுவுடைமையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் நிலை மாறவில்லை.

மற்றோர் உவமையும் நம்மிடம் உண்டு. கொக்கட்டிச்சோலை முதலிய தேசத்துக் கோயில்களின் ஆதனங்களைக் குடிவழியால் வந்த வண்ணக்கர்மார் பரிபாலிக்கின்றனர். வண்ணக்கன் என்ற சொல் பண்டைத் தமிழில் நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவனைக் குறித்தது. கோயிற் களஞ்சியத்தைக் காப்பவனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. வண்ணக்கர் கோயில் வயலின் சொந்தக்காரர் அல்லர். அவ்வயலின் குத்தகையைத் தம் விருப்பப்படி ஒருவருக்குக் குறைக்கவோ, தம் உறவினர்க்கு மலிவாகக் கொடுக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அறப் பொறுப்பாளரை மாவட்ட நீதிமன்றத்திற் கணக்குக் காட்டச் செய்யலாம். தொடர்மாடியின் நிருவாக சபையினர் சட்டத்தின் கண்ணில் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றே அழைக்கப்படாவிடினும், பிறர் பொருளைப் பிறர்க்காக ஆளுபவர் என்ற வகையில் அவர்தம் நிலை வண்ணக்கருடையதை ஒத்ததே. இதனை மறந்த இடத்திலேதான் இனிக் கூறவிருக்கும் சிக்கல்களிற் பெரும்பாலானவை தோன்றுகின்றன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில், நிலத்தின்மேல் எழுப்பப்பட்டது எதுவோ அது நிலத்தைச் சேர்ந்தது. நிலம் ஒருவனுடையது, அதன்மேல் நிற்கும் மாடி வேறொருவனுடையது என்று கூறுதற்கு அச்சட்டத்தில் எளிதில் இடமில்லை. பலர் சேர்ந்து ஒரு கட்டடத்தை வாங்கினால் அவர்கள் அனைவரும் முழுக் கட்டடத்திற்கும் பிரிக்கப்படாத பங்குகளை உடைய கூட்டுரிமைக்காரர் ஆவர். இந்தக் கூட்டுரிமை எத்தகைய வழக்குகளைப் பெற்றெடுக்கும் என்பது நம் மாவட்ட நீதிமன்றங்களின் பாகப் பிரிவினை வழக்குகளை அறிந்தோர்க்கு விளங்கும். பாட்டன் தொடுத்த வழக்கிற் பேரன் சாட்சி சொன்ன கதைகள் எவ்வூரிலும் உண்டு.

இக்குறையை நீக்கவே 1970இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டமும் வந்தன. பின்னது 1982ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தாலும், 2003ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும், இடையில் வந்த வேறு திருத்தங்களாலும் விரிவுபெற்றது. அளவையாளர் வரைந்த கூட்டாதனத் திட்டப்படம் காணிப் பதிவகத்திற் பதியப்பட்டதும் ஒவ்வொரு வீடும் தனி ஆதனமாகின்றது. நிலம், அத்திவாரம், தூண், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி முதலியன பொதுக் கூறுகள். அவற்றில் ஒவ்வொருவருக்கும் தம் வீட்டின் பங்குப் பெறுமதிக்கேற்ற பிரிக்கப்படாத பங்கு உண்டு. அப்பங்கை வீட்டிலிருந்து பிரித்து விற்க இயலாது. பதிவின் பயனாக உரிமையாளர் அனைவரையும் கொண்ட முகாமைக் கூட்டுத்தாபனம் என்னும் சட்ட ஆளும் தோன்றுகின்றது. அது தன் பெயரில் வழக்குத் தொடரலாம். அதன்மேலும் வழக்குத் தொடரலாம். அதன் அன்றாட அலுவலைத் தெரிவு செய்யப்பட்ட சபை நடத்துகின்றது. இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்வதற்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை உண்டு. 1973ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் பொது வசதிகள் சபையாகத் தோன்றிய நிறுவனமே 2003இல் இவ்வுருவை எய்தியது.

ஆகவே சபை உறுப்பினர் முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டியது ஒன்று. தீர்மானம் சபையினுடையது, கடப்பாடு கூட்டுத்தாபனத்தினுடையது, சொத்து உரிமையாளர் அனைவருடையது. தலைவர் தம் பெயரில் ஒப்பந்தம் எழுதுவதும், பராமரிப்புப் பணத்தைத் தம் சொந்த வங்கிக் கணக்கில் வைத்திருப்பதும், நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், இந்த வேறுபாட்டை அழிக்கும் செயல்களாகும். மின்தூக்கி திருத்திய கம்பனிக்குப் பணம் கொடுபடாதபோது, ஒப்பந்தத்தில் யாருடைய கையொப்பம் எந்த நிலையில் இடப்பட்டிருக்கின்றது என்பதையே நீதிமன்றம் முதலிற் பார்க்கும்.

எது தனி, எது பொது என்ற வினா எளிதுபோலத் தோன்றும். மழைக் காலத்தில் அது எளிதன்று. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிந்து கீழ்வீட்டு முகட்டை நனைக்கின்றது. கசியும் குழாய் இரண்டிற்கும் இடைப்பட்ட சீமெந்துத் தளத்தினுள் கிடக்கின்றது. அக்குழாய் யாருடையது? சிங்கப்பூரில், வேறுவிதமாகக் கூறப்படாவிடின், தளத்தின் நடுக்கோடே இரு வீடுகளுக்கும் எல்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலோ எல்லை சுவரின் உட்பரப்போடு முடிகின்றது. சுவரின் உள்ளீடு பொதுவானது. ஒரே கசிவுக்கு ஒரு நாட்டில் அயலவர் இருவரும், மற்றொரு நாட்டிற் கூட்டுத்தாபனமும் பொறுப்பாவதற்கு இடமுண்டு. சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, முகட்டிற் காணப்படும் கசிவு மேல்வீட்டிலிருந்தே வந்ததென அனுமானிக்கின்றது. அன்று என்று எண்பிக்கும் பாரம் மேல்வீட்டார்மேல் விழுகின்றது. சண்டையைக் குறைக்க இது நல்ல உபாயமே. நம் நாட்டிற் சபையினர் செய்யத்தக்கது, பதியப்பட்ட திட்டப்படத்தையும் துணைவிதிகளையும் எடுத்துப் பார்த்து, பொறியியலாளர் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கையைப் பெற்று, அதன்பின் பொறுப்பு யாருடையதென உரைப்பதாகும். பார்வைக்குச் சென்ற செயலாளர், மேல்வீட்டுக் கோப்பியைக் குடித்துவிட்டு அங்கேயே வாய்மொழித் தீர்ப்பு வழங்குதல் கூடாது.

பொது இடத்தைத் தனதாக்கிக்கொள்வோர் இதனினும் பெருந்தொல்லை தருவர். நடைபாதையின் கோடியில் இரும்புக் கதவு மாட்டிச் செருப்புப் பெட்டி வைத்தவர், சில ஆண்டுகளில் அதனைத் தம் அறையாகவே எண்ணத் தொடங்குவார். மொட்டை மாடியில் தகரக் கொட்டில் எழும். பத்தாண்டு ஆண்டால் உரிமை வந்துவிடும் என்பது நம்மவரிடையே பரவலான நம்பிக்கை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டைக் குறிப்பிடுவது உண்மையே. ஆனால் கூட்டுரிமைக்காரர்களிடையே நிலைமை வேறு. 1911இல் கொறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்ற வழக்கிற் கோமறைக் கழகம், கூட்டுரிமைக்காரர் ஒருவரின் ஆட்சி சட்டப்படி ஏனையோர் ஆட்சியுமாகும் என்றும், அவர்களை வெளிப்படையாக வெளியேற்றினாலன்றி அந்நிலை மாறாதென்றும் தீர்த்தது. அது காணி பற்றிய வழக்கு. எனினும் பொதுக் கூறுகளில் அனைவரும் கூட்டுரிமைக்காரர் என்பதால் அதன் நியாயம் நமக்கும் வழிகாட்டும். அதற்காகச் சபை வாளாவிருத்தல் தகாது. ஆட்சேபத்தை எழுத்தில் அறிவித்து, அப்பிரதியைக் கோப்பில் வைத்தால், பின்வரும் சபைக்கு அது பேருதவியாகும்.

இனிப் பணம். சபைகள் உடைவதும், அயலவர் முகம் பாராமற் போவதும் பெரும்பாலும் இதனாலேயே.

பராமரிப்புக் கட்டணம் பங்குப் பெறுமதியின் அடிப்படையில் விதிக்கப்படுவது. கீழ்வீட்டார், தாம் மின்தூக்கியில் ஏறுவதேயில்லை, அதற்கு ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்பர். கேட்பதற்கு நியாயமான கேள்விபோலவே தோன்றும். வாய்த்தலையில் வயல் உள்ளவன், தண்ணீர் தனக்கு முதலில் வருகின்றதே, கடைவாய்க்காலை ஏன் தான் வெட்டவேண்டும் என்று கேட்பதும் இதுவே. கட்டணம் பயன்பாட்டிலிருந்து பிறப்பதன்று; உரிமையிலிருந்து பிறப்பது. கீழ்வீட்டார் தம் வீட்டை விற்கும்போது, மின்தூக்கி ஓடும் கட்டடத்தின் வீடாகவே அதனை விற்பர். வேறுவிதமாகப் பங்கிட வேண்டுமாயின் சட்டமும் துணைவிதியும் இடந்தரும் அளவிலேயே அதனைச் செய்யலாம். சபை தானாகவே ஒருவருக்குத் தள்ளுபடி கொடுத்தல் இயலாது.

நிலுவை வைத்தவர் விடயத்திலே சபையினர் பொறுமை இழந்து செய்யும் பிழை ஒன்றுண்டு. தண்ணீரை நிறுத்துதல், மின்தூக்கி அட்டையைப் பறித்தல், பெயரை வாயிற் பலகையில் எழுதி ஒட்டுதல் ஆகியன அத்தகையவை. கடன் கொடுக்க வேண்டியவனை நீதிமன்றத்திற்கு அழைக்கச் சட்டம் வழிவிட்டிருக்கின்றது. தாகத்தால் தண்டிக்க வழிவிடவில்லை. துணைவிதியில் வெளிப்படையான அதிகாரம் இல்லாமல் இவற்றைச் செய்யும் சபை, பணம் கேட்கும் வாதியாக இருந்த நிலையிலிருந்து, இழப்பீடு கொடுக்கும் பிரதிவாதியாக மாறிவிடலாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, சமாதானக் குலைவுக்கு இடமுள்ள காணிப் பிணக்குகளை விரைவில் தீர்க்க வழிசெய்வது. ஆட்சி மாத்திரமன்றி, காணி சார்ந்த வேறு உரிமைகளும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவன. இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவர் முன்னைய நிலையைத் திரும்பப் பெறலாம். பாதையை அடைத்த சபைத் தலைவர், தாமே கட்டளைக்கு ஆளாகி அதனைத் திறந்துகொடுக்க நேர்ந்தால் அவமானம் யாருக்கு? முறையான அறிவித்தல், எழுத்து மூலமான தவணை உடன்படிக்கை, உரிய பிணக்குகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழான இணக்க சபைக்கு அனுப்புதல், இறுதியிற் கூட்டுத்தாபனத்தின் பெயரில் வழக்கு என்ற வரிசையே தாமதமானதாயினும் பத்திரமானது.

இங்கே மனத்தை உறுத்தும் ஒரு நிலையையும் கூறவேண்டும். நிலுவை வைத்திருப்பவர் ஏமாற்றுக்காரராக இல்லாமல், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் நின்றுபோன கைம்பெண்ணாக இருக்கலாம். ஓய்வூதியம் மருந்துக்கே போதாதிருக்கலாம். சபையினர் யாவரும் அவரை அக்கா என்று அழைப்பவர். அவருடைய நிலுவையைத் தள்ளிவிடுவோம் என்று இரவு எட்டு மணிக்குக் கூடிய ஐவர் முடிவு செய்தால், அவர்கள் ஈந்தது தம் பொருளை அன்று. கூட்டத்திற்கு வராத ஐம்பது பேருடைய பொருளை. கோயில் நெல்லிலிருந்து வண்ணக்கர் தம் இரக்கத்தைக் காட்டுவது போன்றது அது. சபையினர் தம் கையிலிருந்து கொடுக்கலாம். பொதுக் கூட்டத்தின் முன் விடயத்தை வைத்து, சட்டத்திற்கு அமைய நீண்ட தவணை பெற்றுக் கொடுக்கலாம். பெயர் கூறாமல் அயலவரிடம் நிதி திரட்டலாம். இரக்கமும் கணக்கும் இரு வேறு ஏடுகளில் எழுதப்படுதல் வேண்டும் என்பதே என் கருத்து. ஒருவருக்கு மறைவிற் காட்டிய சலுகை, அடுத்த ஆண்டு வசதியுள்ள ஒருவரால் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்படும் என்பதையும் மறக்கலாகாது.

ஒப்பந்தங்களும் இவ்வகையினவே. நிறந்தீட்டும் வேலையைச் செயலாளரின் மைத்துனருக்குக் கொடுத்தல் தன்னளவிற் குற்றமன்று. மைத்துனர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் உறவை முதலில் வெளிப்படுத்தி, வேறு கேள்விப்பத்திரங்களும் பெற்று, வாக்களிப்பின்போது செயலாளர் எழுந்து வெளியே சென்று, இவையனைத்தும் கூட்டறிக்கையிற் பதியப்படாவிடின், அந்த நேர்மை எவருக்கும் புலனாகாது.

திருத்த வேலையைத் தள்ளிப்போடுதலின் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் மயாமி நகருக்கு அண்மையிலுள்ள சேர்ஃப்சைட் என்னும் இடத்திற் கடற்கரையோரமாக 1981இற் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடிக் கூட்டாதனக் கட்டடத்தின் ஒரு பகுதி, 2021 யூன் 24ஆம் நாள் அதிகாலையில் இடிந்து வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர் உட்பட 98 பேர் மாண்டனர். 2018இலேயே பொறியியலாளர் ஒருவர் சீமெந்துக் கட்டமைப்பிற் கடுமையான பழுதுகள் உளவென அறிக்கை கொடுத்திருந்தார். செலவு பற்றிய வாக்குவாதத்திற் காலம் கழிந்தது. சபை உறுப்பினர் பதவி துறந்தனர். ஏறத்தாழ 150 இலட்சம் டொலர் அறவிடும் முடிவு 2021இல் எடுக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. உயிரிழந்தோர் குடும்பத்தாருக்கும் ஏனையோருக்குமாக நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட இணக்கத் தீர்வை 2022இல் நீதிமன்றம் அங்கீகரித்தது. அவ்வாண்டிலேயே புளோரிடா மாநிலம், மூன்று மாடிகளோ அதற்கு மேலோ உள்ள பழைய கூட்டாதனக் கட்டடங்களுக்குக் கட்டமைப்புப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, கட்டமைப்புத் திருத்தத்துக்கான சேமநிதியை உரிமையாளர் வாக்கெடுத்துத் தவிர்க்கும் வழியையும் அடைத்தது.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் வெள்ளவத்தைக் கட்டடங்களின் இரும்புக் கம்பிகளையும் அதே உப்புக் காற்றே தின்கின்றது. கல்லடிக் கடற்கரையில் வீடு கட்டியவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யன்னற் கொளுக்கிகள் எத்தனை மாரியைத் தாங்கும் என்பது அவர்க்குத் தெரியும். கட்டணத்தைக் கூட்டாத சபையே நல்ல சபை என்று வாக்களிக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கின்றது. அச்சபை சேமநிதியில் எதுவும் இடாமற் பதவி விட்டகலும். பத்தாண்டின் பின் வருபவர், ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் கேட்கும் கொடியவராகத் தோன்றுவர். பொதுக் கூறுகளை நன்னிலையில் வைத்திருத்தலும், கட்டடத்திற்குத் தீக் காப்புறுதி செய்தலும் கூட்டுத்தாபனத்தின் கடமைகளாகும். விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. பொறியியலாளரின் எச்சரிக்கை கையிற் கிடைத்தபின், அதனைக் கூட்டத்தில் வாசியாமல் அலுமாரியில் வைத்த சபையினர், அறியாமை என்ற கேடயத்தையும் இழந்துவிடுகின்றனர்.

விதி செய்யும் அதிகாரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கலிபோர்ணியாவிலே ஒரு பெண்மணி தம் வீட்டினுள் மூன்று பூனைகளை வளர்த்தார். பூனை கூடாதென்ற கட்டுப்பாடு செல்லுமா என்ற வினா மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1994இல் அக்கட்டுப்பாடு நியாயமற்றதென எண்பிக்கப்படாதவரை செல்லும் எனத் தீர்ந்தது. பின்னர் சட்டசபையே தலையிட்டு, ஒரு செல்லப் பிராணியேனும் வளர்க்கும் உரிமையை வழங்கியது. நகைப்புக்கிடமான வழக்குப்போலத் தோன்றினும், சபையின் கை வீட்டு வாசற்படியைக் கடந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே அங்கு எழுந்த வினா.

இதனினும் கூர்மையான வினா, இன்னாருக்கு விற்கலாகாது, இன்னாரைக் குடியிருத்தலாகாது என்று விதி செய்யலாமா என்பது. 1948இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், நிறம் காரணமாக ஒருவரை விலக்கும் உடன்படிக்கையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதெனக் கூறியது. 2005இல் இந்திய உயர்நீதிமன்றமோ, அகமதாபாத்திலுள்ள பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தம் இனத்தாரை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கும் விதியை ஏற்றுக்கொண்டது. இவ்விரு தீர்ப்புகளுள் முன்னதே என் மனத்துக்கு உகந்தது. பிந்தியது கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியுறுதி உள்ள கூட்டாதனத்துக்கு அதனை அப்படியே பொருத்துதல் தவறாகும். சிங்கப்பூர்ச் சட்டம், வீட்டை விற்பதையோ வாடகைக்கு விடுவதையோ துணைவிதியாற் தடுக்கலாகாதென வெளிப்படையாகவே கூறிவிட்டது. வெள்ளவத்தையில் ஒரே படிக்கட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறி இறங்குகின்றனர். சமையல் மணத்தையும் பூசை மணியோசையையும் பற்றிய முறைப்பாடுகளைச் சபை கவனிக்கலாம். ஆனால் ஓசையின் அளவையும் நேரத்தையும் பற்றி மட்டுமே விதி செய்தல் வேண்டும். மணி யாருடையது என்பது பற்றி அன்று. யாழ்ப்பாணத் தேசவழமையிற் கூட்டுரிமைக்காரர்க்குரிய முன்விலைக் கொள்வனவு உரிமையை நினைத்து, அயல்வீட்டை முதலில் தமக்கே விற்க வேண்டும் என்று வாதிடுவோரும் உளர். மட்டக்களப்பில் அவ்வழமை இல்லை. கொழும்புத் தொடர்மாடி வீட்டுக்கும் அது வந்து சேராது.

வெளிநாட்டில் வாழும் உரிமையாளரால் எழும் சிக்கல் நம்மவர்க்குச் சிறப்பாக உரியது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டார்க்குக் காணி கைமாற்றுவதை மட்டுப்படுத்தியபோது, நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள கூட்டாதன வீட்டுக்கு விலக்களித்தது. இரட்டைக் குடியுரிமை உடையோரும் விலக்கிற்கு உட்பட்டனர். இதனாற் பல கட்டடங்களில் உரிமையாளரிற் பாதிப்பேர் ஊரில் இல்லை. பொதுக் கூட்டத்திற் கூட்ட நடப்பெண் கூடுவதில்லை. கூடாத கூட்டத்திற் செய்த தெரிவு செல்லாது. செல்லாத் தெரிவால் வந்த சபை விதித்த கட்டணத்தையும் ஒருவர் ஆட்சேபிக்கலாம். அறிவித்தல் உரிய காலத்தில் உரிய முகவரிக்கு அனுப்பப்பட்டதா, பதிலாள் பத்திரம் முறைப்படி எழுதப்பட்டதா, அற்றோணித் தத்துவம் பெற்றவர் வாக்களிக்கவும் அதிகாரம் பெற்றவரா என்பவற்றைக் கூட்டம் தொடங்குமுன் பார்த்தல் வேண்டும். குடியிருப்பவர் வாடகைக்காரராயின் அவர் உரிமையாளர் அல்லர். கூட்டத்திற்கு வந்து நல்ல யோசனை கூறலாம், வாக்கு அவருடையதன்று.

ஒன்ராறியோ மாகாணத்தில் இவ்விடயம் எவ்வாறு நோக்கப்படுகின்றது என்பதை ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவர் அறிவர். 2017 நவம்பர் முதல் அங்கே சபைக்குத் தெரிவானவர் ஆறு மாதங்களுக்குள் பயிற்சி பெற்றாக வேண்டும்; இன்றேற் பதவி போய்விடும். அதே மாதம் தொடங்கிய கூட்டாதனத் தீர்ப்பாயத்துக்கு முதன்முதலில் ஒப்படைக்கப்பட்ட பிணக்கு எது என்பது கவனிக்கத்தக்கது. கசிவும் அன்று, நிலுவையும் அன்று. ஏடுகளையும் கணக்குகளையும் பார்ப்பதற்கு உரிமையாளருக்குள்ள உரிமையே அது. கணக்கைக் காட்ட மறுத்த இடத்திற் சந்தேகம் பிறக்கின்றது. சந்தேகம் பிறந்தபின் கட்டணம் நின்றுவிடுகின்றது. கட்டணம் நின்றபின் மின்தூக்கி நின்றுவிடுகின்றது. இவ்வரிசையை எந்த நாட்டிலும் காணலாம்.

ஆதலாற் புதிதாகத் தெரிவான சபை, முன்னைய சபையிடமிருந்து கையேற்க வேண்டியவற்றை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குதல் நன்று. பதியப்பட்ட கூட்டாதனத் திட்டப்படம், துணைவிதிகள், ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிப் பட்டியல், உரிமையாளர் முகவரி ஏடு, கூட்டறிக்கைப் புத்தகங்கள், கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகள், காப்புறுதிப் பத்திரம், மின்தூக்கியின் பராமரிப்பு ஒப்பந்தம், பொறியியலாளர் அறிக்கைகள் என்பன அவற்றுள் முதன்மையானவை. முன்னைய செயலாளர் அவற்றைத் தரத் தாமதித்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. காணிப் பதிவகத்தின் ஏடுகள் எவரும் பார்வையிடத்தக்கவை. உரிய கட்டணத்தைச் செலுத்தினால், பதியப்பட்ட ஆவணங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம்.